6 மி.மீ கேட்டால் 8 மி.மீ... ரவுட்டர் வெட்டும் ஆழம் ஏன் மாறுகிறது? கண்டுபிடிக்க எளிய வழிகள்!

வீட்டுக்கு அலமாரி தயாராகிறது. பக்கப்பலகை, நடுத்தடுப்பு எல்லாமே 18 மி.மீ பிளைவுட். தட்டுகள் உட்காருவதற்காக நடுத்தடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் 6 மி.மீ ஆழத்துக்குக் காடி எடுக்க வேண்டும். கணக்கு எளிது. 18-ல் இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6 போனால் நடுவில் 6 மி.மீ மிச்சம்.

இப்போது ரவுட்டர் 6-க்குப் பதிலாக 8 மி.மீ வெட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்ந்து 16 போய்விட்டது. மிச்சம் வெறும் 2 மி.மீ! தட்டைச் செருகி, மைக்கா ஒட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பட்டுப்புடவைகளும் சூட்கேஸும் ஏறிய பிறகுதான், அந்த இடத்தில் பலகை விரிசல் விடும்.

சேதம் அதோடு முடிவதில்லை. காடி 2 மி.மீ ஆழமானால் தட்டும் 2 மி.மீ உள்ளே போகும். இரண்டு முனையிலும் அப்படிப் போனால் அலமாரியின் உள் அகலம் 4 மி.மீ குறையும். அதற்குள் வரவேண்டிய டிராயர் சேனல் இறுகி நிற்கும். கூலி பேசி வேலை எடுத்தவராக இருந்தால், பாழான பலகைக்கு மாற்றுப் பலகை அவர் கைக்காசில்தான் வரும். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை போச்சு.

'ரவுட்டர்' என்றதும் வைஃபை பெட்டியைத் தேட வேண்டாம். மரத்தில் காடி எடுக்கவும், விளிம்பை உருட்டவும், கீல் பதியப் பள்ளம் தோண்டவும் தச்சர்கள் பயன்படுத்தும் மின்கருவியைத்தான் சொல்கிறோம். உளியும் கொட்டாப்புளியும் ஒரு மணி நேரம் செய்கிற வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கும். ஆனால், ஆழம் தவறினால் அதே வேகத்தில் பலகையையும் பாழாக்கும்.

ஆழம் மாறினால், 'மெஷின் சரியில்லை' என்பதுதான் முதலில் வாயில் வரும். உண்மையில் மெஷினையே மாற்ற வேண்டிய நிலை அபூர்வம். தவறு எங்கே என்பதை, வெட்டிய பள்ளமே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆழம் என்பது ஒரு சங்கிலி

அளவுகோலில் 6 என்று வைத்தால் 6 வெட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால், பிட்டின் முனைக்கும் மரத்தின் மேல்பரப்புக்கும் நடுவே பல இணைப்புகள் இருக்கின்றன. எந்த ஓர் இணைப்பு தளர்ந்தாலும் ஆழம் மாறும்.

முதல் இணைப்பு, பிட்டும் காலட்டும். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட உலோகக் குழல்தான் காலட். அதன்மேல் ஒரு நட். ஸ்பேனரால் நட்டை முறுக்கும்போது, காலட் சுருங்கிப் பிட்டை இறுக்கும்.

இரண்டாவது, மோட்டாரும் அதைத் தாங்கும் அடிப்பாகமும். பிளஞ்ச் ரவுட்டரில் இரண்டு தூண்கள் இருக்கும். மேலிருந்து அழுத்தினால், தூணுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளை அமுக்கிக்கொண்டு மோட்டார் கீழே இறங்கும். வேண்டிய இடத்தில் பக்கத்து லீவரைப் பூட்ட வேண்டும். மைக்கா ஓரம் வெட்டும் சின்ன டிரிம்மரில் தூண்களும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. மோட்டாரைச் சுற்றியிருக்கும் கிளாம்ப்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது, ஆழத்தை நிறுத்தும் கம்பி. பிளஞ்ச் ரவுட்டரில் இந்தக் கம்பி, கீழே இருக்கும் படிக்கட்டு போன்ற சுழலும் வட்டில் வந்து முட்டும். அத்துடன் மோட்டார் நின்றுவிடும்.

நான்காவது, அடித்தட்டும் அது உட்காரும் மரமும். ரவுட்டருக்கு மரத்தின் மேல்பரப்புதான் பூஜ்யம். மேல்பரப்பு மேடு பள்ளமாக இருந்தாலோ, அடித்தட்டுக்குக் கீழே சிராய் சிக்கினாலோ ஆழமும் மாறும்.

முதலில் ஒரு சோதனை வெட்டு

நல்ல பலகையில் கைவைக்கும் முன், அதே வகைத் துண்டு ஒன்றை எடுங்கள். சுமார் 30 செ.மீ நீளம் போதும். மேஜையில் கிளாம்ப் போட்டு அசையாமல் பிடியுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட்டைப் பொருத்துங்கள். காலட் நட்டின் விளிம்பை ஒட்டி, பிட்டின் தண்டில் மார்க்கரால் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். இதுதான் உங்கள் சாட்சி.

பிறகு 6 மி.மீ ஆழம் வைத்து, ஒரு முழு நீளக் காடி வெட்டுங்கள். முடிந்ததும் லீவரைத் தளர்த்தாமல் சுவிட்சை அணையுங்கள். பிட் சுற்றி ஓய்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, காடியின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் ஆழத்தை அளக்க வேண்டும். வெர்னியர் காலிபரின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி இதற்காகத்தான் இருக்கிறது.

இரண்டு, மார்க்கர் கோடு நட்டை ஒட்டியே இருக்கிறதா, விலகிவிட்டதா?

மூன்று, ஆழக் கம்பிக்கும் அது முட்டும் வட்டுக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் நுழையக் கூடாது. நுழைந்தால், வெட்டும்போது மோட்டார் மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மூன்று விடைகளையும் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள். உங்கள் பிரச்னை எது என்று தெரிந்துவிடும்.

1. போகப் போக ஆழம் கூடுகிறதா?

தொடக்கத்தில் 6, நடுவில் 6.5, முடிவில் 7.5. மார்க்கர் கோடும் நட்டைவிட்டு விலகியிருக்கிறது. சந்தேகமே வேண்டாம், பிட் காலட்டிலிருந்து நழுவுகிறது. உடனே வேலையை நிறுத்த வேண்டிய தவறு இது. ரவுட்டர் பிட் நிமிடத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் சுற்றுவரை சுற்றும். இன்று ஒன்றரை மி.மீ நழுவிய பிட், நாளை முழுவதுமாக வெளியே வந்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீணான பலகையை மாற்றிக்கொள்ளலாம். கண்ணையும் விரலையும் மாற்ற முடியாது.

நழுவுவதற்கு முக்கியமான காரணம், நம் ஊர்க் கடைகளில் மி.மீ அளவும் இஞ்ச் அளவும் கலந்து கிடைப்பதுதான். கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ. அந்தக் காலட்டில் 6 மி.மீ தண்டுள்ள பிட்டைப் போட்டால் 0.35 மி.மீ இடைவெளி. நட்டை முறுக்கினால் இறுகியது போலத்தான் தெரியும். ஆனால், வேலை தொடங்கி அதிர்வு வந்ததும் நழுவும். அரை இஞ்ச் 12.7 மி.மீ. அதில் 12 மி.மீ பிட்டைப் போட்டாலும் இதே கதைதான். பிட் வாங்கும்போது வெட்டும் அகலத்தை மட்டும் கேட்காமல், தண்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள். காலட்டின் மேலேயே பெரும்பாலும் அளவு பொறித்திருக்கும்.

அடுத்த காரணம், அழுக்கு. மரத்தூளும் பிசினும் காலட்டின் பிளவுகளில் படிந்தால் அது முழுதாகச் சுருங்காது. பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் விடாதீர்கள். பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கல் வேண்டாம்.

மூன்றாவது, பிட்டை அடிவரை தட்டி உட்காரவைப்பது. நட்டை இறுக்கும்போது காலட் கொஞ்சம் உள்ளே இழுபடும். பிட் ஏற்கெனவே அடியில் முட்டிக்கொண்டிருந்தால், சரியான பிடிப்பு கிடைக்காது. முழுதாக உள்ளே தள்ளி, பிறகு 2 அல்லது 3 மி.மீ வெளியே இழுத்து இறுக்குவதுதான் முறை.

நான்காவது, தேய்ந்த காலட். பிரேக் ஷூ போல இதுவும் தேய்ந்துபோகும் பாகம்தான். பிட் தண்டில் கறுப்பு வளையங்களோ கீறல்களோ தெரிந்தால், காலட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிட் இல்லாத வெறும் காலட்டை இறுக்கிவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதுவே காலட்டின் வடிவத்தைக் கெடுத்துவிடும்.

தூளை மேலே தூக்கிப்போடும் சுருள் பிட் பயன்படுத்தினால் கூடுதல் கவனம் தேவை. அந்தச் சுருளே பிட்டைக் கீழ்நோக்கி இழுக்கும். சாதாரண பிட்டில் தெரியாத தளர்வு, இதில் உடனே தெரிந்துவிடும்.

கோடு விலகவில்லை, ஆனாலும் ஆழம் கூடுகிறது என்றால், டிரிம்மரில் மோட்டாரைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அதிர்வில் மோட்டார் தன் எடையாலேயே மெல்லக் கீழே இறங்கும்.

2. போகப் போக ஆழம் குறைகிறதா?

பிளஞ்ச் ரவுட்டரில் ஸ்பிரிங் எப்போதும் மோட்டாரை மேலேதான் தள்ளிக்கொண்டிருக்கும். பூட்டும் லீவர் சரியாகப் பிடிக்காவிட்டால், வெட்ட வெட்ட மோட்டார் மேலே ஏறும். ஆழம் குறையும். ஆழக் கம்பிக்குக் கீழே தாள் நுழைந்தால், அதற்கு இதுதான் காரணம்.

தூண்களில் தூள் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் மெழுகு தேய்த்தால் போதும். இங்கும் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். அவை தூளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துடைத்தும் லீவர் கடைசிவரை போய் நிற்கிறது, பிடிப்பு மட்டும் இல்லை என்றால், லீவரின் நிலையை மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும். பல மாடல்களில் அதற்கு ஒரு ஸ்குரூவோ நட்டோ இருக்கும். கையேட்டில் வழி சொல்லியிருப்பார்கள்.

லீவர் நன்றாகத்தான் பிடிக்கிறது, தாளும் நுழையவில்லை, ஆனாலும் ஆழம் குறைகிறதா? பிட்டின் முனையைப் பாருங்கள். மழுங்கிய பிட் மரத்தை வெட்டாமல் தேய்க்கும். அப்போது ரவுட்டரே லேசாக மேலே தூக்கப்படும். காடியில் கருகல் தடமும் புகை வாசனையும் இருந்தால், புது பிட் போட வேண்டிய நேரம்.

3. எல்லா இடத்திலும் ஒரே ஆழம், ஆனால் தப்பான ஆழமா?

தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் 7 மி.மீ. எதுவும் நழுவவில்லை. மெஷின் சொன்னபடி செய்திருக்கிறது. நாம் சொன்னதில்தான் தவறு.

பூஜ்யம் வைக்கும்போது பிட்டின் முனை மரத்தைத் தொட்டதா, லேசாக அழுந்தியதா? மென்மையான மரத்தில் அந்த அழுத்தமே அரை மி.மீ வித்தியாசம் தரும். பிட்டை மாற்றிய பிறகு பழைய பூஜ்யத்தையே வைத்துக்கொண்டீர்களா? ஒவ்வொரு பிட்டின் நீளமும் வேறு. ஒரே பிட்டைக் கழற்றி மாட்டினாலும் அது பழைய இடத்திலேயே உட்காராது. பிட்டில் கைவைத்தால் பூஜ்யத்தை மறுபடி வைக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

ஆழக் கம்பி முட்டும் வட்டின் படியில் தூள் குவிந்திருந்தால், கம்பி முழுதாக இறங்காது. அப்போது ஆழம் குறைவாக வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அந்த இடத்தை ஒரு முறை ஊதிவிடுவது நல்ல பழக்கம்.

சில சமயம் ரவுட்டர் மீது குற்றமே இருக்காது. 18 மி.மீ என்று வாங்கிய பிளைவுட்டை அளந்தால், சரியாக 18 வராமல் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். வெட்டிய பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போடும்போது, ஷீட்டில் எழுதியிருப்பதை நம்பாமல் பலகையை அளந்து கணக்குப் போடுங்கள்.

4. ஓர் இடத்தில் ஆழம், ஓர் இடத்தில் மேடா?

கூடுவதிலும் குறைவதிலும் ஒழுங்கே இல்லையென்றால், அடித்தட்டையும் மரத்தையும் பாருங்கள். பலகை நடுவில் குழிந்திருந்தால், அடித்தட்டு இரண்டு மேடுகளின் மீது பாலம்போல நிற்கும். நடுவில் ஆழம் குறையும். முந்தைய வெட்டின் சிராய் அடித்தட்டுக்குக் கீழே சிக்கினாலும் இதேதான். வெட்டும் முன் பலகையைத் துடைத்து, வளைவு இருந்தால் தட்டையாகக் கிளாம்ப் போடுங்கள்.

விளிம்பில் வேலை செய்யும்போது அடித்தட்டின் பாதி மரத்திலும் பாதி அந்தரத்திலும் இருக்கும். கை லேசாகச் சாய்ந்தாலே பிட்டும் சாய்ந்து மரத்தைத் தோண்டிவிடும். மரத்தின் பக்கம் இருக்கும் கைப்பிடியில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். முடிந்தால், அதே கனமுள்ள இன்னொரு பலகையைப் பக்கத்தில் வைத்து அடித்தட்டுக்குத் தாங்கல் கொடுங்கள்.

அகலமான பள்ளத்தை இரண்டு மூன்று வரிசையாக வெட்டும்போது, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் சின்னப் படி தெரிகிறதா? பிட் அடித்தட்டுக்குச் செங்குத்தாக இல்லை. அடித்தட்டின் ஸ்குரூக்களைத் தளர்த்தி, அடியில் சிக்கிய தூளை எடுத்து, மறுபடி சமமாக இறுக்கிப் பாருங்கள். கீழே விழுந்த மெஷினாக இருந்தால் அடித்தட்டு வளைந்திருக்கலாம். ஸ்டீல் ஸ்கேலை அதன் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும்.

5. வேண்டிய ஆழத்துக்கு இறங்கவே இல்லையா?

காலட் நட் எங்காவது முட்டுகிறதா, பிட் நீளம் போதுமா என்று பாருங்கள். இங்கேதான் பலரும் ஆபத்தான குறுக்குவழியை எடுக்கிறார்கள். நீளம் போதவில்லை என்று பிட்டைக் காலட்டிலிருந்து வெளியே இழுத்து, தண்டின் நுனியை மட்டும் கவ்வவைக்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். தண்டின் நீளத்தில் முக்கால் பாகமாவது காலட்டுக்குள் இருக்க வேண்டும். ஆழம் போதவில்லையென்றால், நீளமான பிட் வாங்குவதுதான் தீர்வு.

ஒரே மூச்சில் வேண்டாம்

இவ்வளவு தவறுகளையும் தூண்டிவிடும் ஒரு பழக்கம் உண்டு. முழு ஆழத்தையும் ஒரே முறையில் வெட்டுவது. மரம் எதிர்க்கும், மோட்டார் திணறும், அதிர்வு கூடும். அதிர்வு கூடினால் காலட்டும் நழுவும், லீவரும் தளரும்.

6 மி.மீ பிட் என்றால் ஒரு முறைக்கு 3 மி.மீ போதும். 9 மி.மீ ஆழம் வேண்டுமா? மூன்று முறை ஓட்டுங்கள். ஆழக் கம்பி முட்டும் வட்டில் படிகள் வைத்திருப்பதே இதற்காகத்தான். தேக்கு, வேங்கை போன்ற மரங்களில் கடைசி ஓட்டத்துக்கு ஒரு மி.மீ மட்டும் மிச்சம் வைத்து மெல்ல ஓட்டினால், அடிப்பகுதி சமமாக வரும்.

ஓட்டும் திசையும் முக்கியம். பலகை உங்களுக்கு எதிரே இருக்க, உங்கள் பக்கத்து விளிம்பில் ரவுட்டரை ஓட்டும்போது, இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். திசை மாறினால் மெஷின் கையைவிட்டு ஓடப் பார்க்கும். அப்போது அடித்தட்டும் தூக்கும், ஆழமும் கெடும்.

கீலே அளவுகோல்

கதவுக்குக் கீல் பதிக்கும்போது, கீல் தகடும் மரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் கதவு நிலையில் இறுகும். குறைந்தால் இடைவெளி தெரியும். இதற்கு மி.மீ கணக்கே தேவையில்லை.

ரவுட்டரை மரத்தின் மேல் வைத்து, பிட்டின் முனை மரத்தைத் தொடும்வரை இறக்கிப் பூட்டுங்கள். ஆழக் கம்பிக்கும் வட்டுக்கும் நடுவில் அந்தக் கீலின் ஒரு தகட்டை வைத்து, கம்பியை அதன்மேல் இறக்கி இறுக்குங்கள். கீலை எடுத்துவிடுங்கள். இப்போது மெஷின் சரியாக அந்தத் தகட்டின் கனத்துக்குத்தான் வெட்டும்.

மைக்கா பட்டை பதிக்க வேண்டுமா? கீலுக்குப் பதில் மைக்காத் துண்டை வையுங்கள். 6 மி.மீ காடி வேண்டுமா? 6 மி.மீ டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியை வையுங்கள். அளவுகோலைக் கண்ணால் படிப்பதில் வரும் தவறு இதில் வராது.

மேஜை ரவுட்டரும் சி.என்.சி-யும்

ரவுட்டரை மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தினால் கணக்கும் தலைகீழாகும். பூட்டு தளர்ந்தால் மோட்டார் தன் எடையால் கீழே இறங்கும். மரத்தில் ஆழம் குறையும். பலகையை மேஜையோடு ஒட்டி அழுத்தித் தள்ளாவிட்டாலும் ஆழம் குறையும். ஆனால், பிட் நழுவினால் இங்கும் ஆழம் கூடத்தான் செய்யும்.

வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைகளும் பூஜை அறைக் கதவுகளும் இப்போது சி.என்.சி ரவுட்டரில்தான் பெரும்பாலும் தயாராகின்றன. கம்ப்யூட்டர் ஓட்டினாலும் ஆழம் தவறாது என்று சொல்ல முடியாது. பெயர்ப்பலகையில் முதல் எழுத்து மெல்லியதாகவும் கடைசி எழுத்து தடித்தும் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? 90 டிகிரி வி வடிவ பிட்டில் ஆழம் ஒரு மி.மீ கூடினால், கோட்டின் அகலம் 2 மி.மீ கூடும். பலகை ஒரு பக்கம் உயர்ந்திருந்தால், அது எழுத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு, அடியில் போட்டிருக்கும் எம்.டி.எஃப் பலகையை அதே மெஷினால் ஒரு முறை சீவிச் சமமாக்குவது. பிட் மாற்றும்போதெல்லாம் பூஜ்யத்தை மறுபடி வைப்பது இங்கும் கட்டாயம். பிட்டை மிக வேகமாக மரத்துக்குள் இறக்கினால், மோட்டார் சில அடிகளைத் தவறவிடும். அதன்பிறகு எங்கே இருக்கிறோம் என்பதே சின்ன மெஷின்களுக்குத் தெரியாது. இறங்கும் வேகத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

ஆழம் தவறியே விட்டதா?

பலகையைத் தூக்கிப்போடும் முன் யோசியுங்கள். கீல் பள்ளம் ஆழமாகிவிட்டால், அடியில் மைக்காத் துண்டோ மெல்லிய வெனீரோ ஒட்டி மட்டத்துக்குக் கொண்டுவரலாம். காடியின் ஒரு பகுதி மட்டும் ஆழமாகியிருந்தால், அதே மரத்தில் மெல்லிய பட்டை ஒன்றைச் சீவி, பசை போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு மறுபடி சரியான ஆழத்துக்கு வெட்டலாம். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பது பார்வைக்குச் சரிதான். ஆனால், எடை தாங்கும் இடத்தில் அதை நம்ப வேண்டாம்.

நடுத்தடுப்பில் 2 மி.மீ-தான் மிச்சம் என்று தெரிந்தால், மறைத்துவிட்டுப் போகக் கூடாது. அந்தப் பலகையை மாற்றுவதுதான் சரி. வேலை கொடுத்தவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டால் செலவு ஒரு பலகையோடு முடியும். ஆறு மாதம் கழித்துத் தட்டு இறங்கினால், பலகையோடு பேரும் போகும்.

கண், காது, மூச்சு

ஆழம் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் கை பிட்டுக்குப் பக்கத்தில் போகிறது. எனவே, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் கட்டாயம். தோளில் துண்டு, தொளதொள சட்டை, கையில் கயிறு எதுவும் சுற்றும் பிட் பக்கத்தில் வேண்டாம்.

தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-ல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வேலை நடந்தால், குழந்தைகளை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள். ரவுட்டரில் வேக்குவம் குழாய் மாட்ட வசதி இருந்தால் மாட்டிவிடுங்கள். மூச்சுக்கும் நல்லது, சிராய் அடித்தட்டில் சிக்காமல் ஆழமும் சரியாக வரும்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்!

* ஆழம் கூடிக்கொண்டே போனால்: மெஷினை நிறுத்துங்கள். காலட்டையும் பிட்டின் தண்டு அளவையும் பாருங்கள்.
* ஆழம் குறைந்துகொண்டே போனால்: பூட்டும் லீவர், மழுங்கிய பிட்.
* ஒரே சீராகத் தவறினால்: பூஜ்யம், ஆழக் கம்பி, வட்டில் தூள்.
* அங்கங்கே மாறினால்: அடித்தட்டு, வளைந்த பலகை, சிராய்.
* இறங்கவே இல்லையென்றால்: பிட் நீளம். தண்டை வெளியே இழுக்க வேண்டாம்.
* எதுவாக இருந்தாலும்: முதல் வெட்டு எப்போதும் வேஸ்ட் துண்டில்தான்!